என்ஜினை நிறுத்தும் பொத்தான்

உங்கள் புதிய கட்டுப்பாட்டு அறையைப் போன வாரம் வந்து பார்த்தேன். சுவர் முழுக்க ஒரே திரை. சிறுசேரிக்கு ஊழியர்களை ஏற்றிவரும் ஒவ்வொரு வண்டியும் அதில் ஒரு பச்சைப் புள்ளி. குளிரில் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். உங்களில் ஒருவர் நாற்காலி கொண்டுவந்து போட்டு, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் மேடம் என்றார். அத்தனை புள்ளிகளுக்கு முன்னால் எனக்குப் பேச்சு வரவில்லை. வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

நான் பணியாற்றியது ஒரு மென்பொருள் நிறுவனத்தில்தான், ஆனால் ஒரு வரி நிரல்கூட எழுதியதில்லை. எழுதுகிறவர்களை வீட்டிலிருந்து அழைத்து வருவதும் பத்திரமாகத் திரும்பக் கொண்டுபோய் விடுவதும்தான் என் வேலை. போக்குவரத்துப் பிரிவு. கட்டடத்தில் எல்லோருக்கும் நம் பிரிவின் எண் தெரியும். வண்டி சரியாக வந்தால் யாரும் அந்த எண்ணுக்குக் கூப்பிட மாட்டார்கள். காலையிலிருந்து ஒரு அழைப்பும் இல்லை என்றால் அது நம் பிரிவுக்கு வெற்றி. இந்த வெற்றிக்கு யாரும் கேக் வெட்டியதில்லை, நீங்களும் எதிர்பார்க்காதீர்கள்.

தொழில்நுட்பத்துக்கு நான் எதிரி என்று ஒரு பேச்சு உண்டு. அது தவறு. நான் இப்போது கோவளத்துக்குத் தெற்கே கடலோரம் குடியிருக்கிறேன். காலையில் வாசலுக்கு மீன் கொண்டுவரும் அம்மா, கூடையின் விளிம்பில் க்யூஆர் அட்டையைத் தூண்டில் நரம்பால் இறுக்கிக் கட்டியிருக்கிறார். சில்லறை தேடுகிற பேஜார் ஒழிந்தது என்று அவருக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். யாரையும் காக்கவைக்காத தொழில்நுட்பத்தை நான் இரண்டு கையாலும் வரவேற்பேன். என் சண்டையெல்லாம், ஒரு விஷயத்தைப் பாதி தெரிந்துகொண்டு முழுதாகத் தெரிந்ததுபோலப் பேசும் தொழில்நுட்பத்தோடுதான். அப்படிப்பட்ட மனிதர்களோடும் எனக்குச் சண்டை உண்டு.

உதாரணத்துக்கு, ஏழு நிமிடத்தில் வண்டி வந்துவிடும் என்று செயலி காட்டுவதை நான் தகவலாக எடுத்துக்கொள்வதில்லை. அது ஒரு நல்லெண்ணம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முட்டுக்காட்டில் படகு சவாரிக்கு வந்த கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் வீடு திரும்பும்போது அந்த நல்லெண்ணம் என்ன பாடுபடும் என்று உங்களுக்கே தெரியும். மன்னிப்பைக் குறுஞ்செய்தியில் கேட்கக் கூடாது என்பது என் இன்னொரு பிடிவாதம். காத்திருந்து கடுப்பானவருக்கு ஒரு மனிதக் குரல் போய்ச் சேர வேண்டும். அவர் திட்டுவதற்காவது எதிரே ஆள் வேண்டாமா?

அப்புறம் அந்த நட்சத்திரங்கள். பயணம் முடிந்ததும் ஓட்டுநருக்குப் பயணி நட்சத்திரம் போடுகிறார். வண்டியை விட்டு இறங்கும்போது ஒருவருக்கு இருக்கும் மனநிலை அந்த வண்டியால் வந்ததாக இருப்பது அபூர்வம். மேலதிகாரியிடம் வாங்கிய திட்டு, மாமியார் வீட்டு போன், வராத சம்பள உயர்வு எல்லாம் சேர்ந்து ஓட்டுநரின் தலையில் இரண்டு நட்சத்திரமாக விழும். இதை நான் கூட்டங்களில் சொன்னபோதெல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அந்தச் சிரிப்பு நின்ற ஒரு நாளைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஏழுமலை என்று ஒரு ஓட்டுநர் இருந்தார். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் வீடு. அங்கிருக்கும் தொழிற்பேட்டை ஆட்களுக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்துவிட்டு எங்கள் ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்தவர். ஐம்பதைத் தாண்டிய, வெள்ளைச் சட்டையைத் தவிர வேறு போடாத மனிதர். வண்டியை அவ்வளவு சுத்தமாக வைத்திருப்பார். அவரிடம் ஒரே குறை, பேச்சு. பின்னால் உட்கார்ந்திருப்பவர் எதற்கு இவ்வளவு இளைத்துப் போனார், ஏன் காலை நாஸ்தாவை விட்டுவிட்டு வருகிறார், கல்யாணத்தை ஏன் தள்ளிப்போடுகிறார், எல்லாவற்றுக்கும் அவரிடம் யோசனை இருக்கும். 'ஓட்டுநர் அதிகம் பேசுகிறார்' என்று நட்சத்திரத்தைக் குறைத்தவர்கள் நிறையப் பேர்.

அவருடைய வண்டியில் வந்துகொண்டிருந்தவள் நித்யா. மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில் வேலை. செங்கல்பட்டிலிருந்து திருப்போரூர் போகும் சாலையில் இருக்கும் ஒரு கிராமத்துப் பெண். அப்பாவுக்குக் கத்தரி, வெண்டை என்று தோட்டப் பயிர். பறித்ததைக் குட்டியானை என்கிற சொந்தச் சின்னச் சரக்கு வண்டியில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோவார். ஏழுமலையின் பேச்சைப் பற்றிப் புகார் செய்யாத ஒரு சிலரில் நித்யாவும் ஒருத்தி. ஒருநாள் நானே கேட்டேன். எங்கள் அப்பா வீட்டில் வாயே திறக்க மாட்டார் மேடம், இது ஒரு மாறுதல் என்றாள்.

நான் சொல்ல வந்த அந்த நாளில் மதிய ஷிப்டுக்கான வண்டிகள் வந்துகொண்டிருந்தன. நான் தயிர்சாத டப்பாவைத் திறந்து வைத்திருந்தேன். அப்போதெல்லாம் நம் அறையில் இவ்வளவு பெரிய திரை கிடையாது. புதிய செயலியை நிறுவிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அதைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர் பிரவீன் எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக அங்கேயே ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். திடீரென்று கணினியிலிருந்து சைரன் மாதிரி ஒரு சத்தம். பயிற்சியின்போது கேட்டதுதான். நிஜமாக அது கத்தியது அன்றைக்குத்தான் முதல் தடவை.

வண்டிகளின் பின் இருக்கைப் பக்கம் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். பயணிக்கு ஆபத்து என்றால் அழுத்துவதற்கு. ஏழுமலையின் வண்டியில் அதை யாரோ அழுத்தியிருந்தார்கள். நித்யாதான் அன்று முதல் பயணி, வண்டியில் அவளைத் தவிர வேறு யாரும் ஏறவில்லை. திரையில் வண்டி சாலையோரம் நின்றிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நகர்ந்தது. ஆனால் திருப்போரூர் பக்கம் வரவில்லை. வந்த வழியே திரும்பிச் செங்கல்பட்டை நோக்கிப் போக ஆரம்பித்தது.

நித்யாவின் கைப்பேசிக்குக் கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. ஏழுமலைக்குக் கூப்பிட்டேன். அதுவும் அப்படியே. வண்டி வேகம் எடுத்தது. அதற்குள் எங்கள் மேலாளர் ஓடி வந்துவிட்டார். நல்ல மனிதர், பெண் பிள்ளைகளின் பாதுகாப்பு விஷயத்தில் நிஜமாகவே தூக்கம் கெடுகிறவர். விதிமுறையில் இருந்தபடி காவல்துறைக்குத் தகவல் சொன்னார். செங்கல்பட்டு முனையில் ரோந்து வண்டியை நிறுத்துகிறோம் என்றார்கள்.

புள்ளி நித்யாவின் கிராமத்தை நெருங்கியது. ஒருவேளை அவள் எதையாவது மறந்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறாளோ என்று ஒரு நப்பாசை. வண்டி அவள் ஊரில் நிற்கவில்லை. தாண்டிப் போய்விட்டது. அதற்கு அப்பால் சாலையின் இரண்டு பக்கமும் காப்புக்காடு. கொஞ்ச தூரத்துக்கு வீடு கிடையாது, கடை கிடையாது. அந்தச் சாலையில் போனவர்களுக்குத் தெரியும், பட்டப்பகலிலும் அந்த இடத்தில் பேச்சைக் குறைத்துக்கொள்ளத் தோன்றும்.

அப்போது பிரவீன் மெல்லச் சொன்னார். வண்டியில் பொருத்தியிருக்கும் கருவிக்கு என்ஜினை நிறுத்தும் வசதியும் இருக்கிறதாம். திருட்டுப் போனால் பயன்படட்டும் என்று வைத்தது.

"ஒரு க்ளிக்தான் மேடம். வண்டி தானா வேகம் குறைஞ்சு நின்னுடும்."

மேலாளர் உடனே அழுத்துங்கள் என்றார். பிரவீனின் கை மவுஸின் மேல் இருந்தது. போக்குவரத்துக்குப் பொறுப்பு நான் என்பதால் அவர் என் முகத்தைப் பார்த்தார்.

நான் வேண்டாம் என்றேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் மேசையிலும் என்ஜினை நிறுத்தும் அந்தப் பொத்தான் இருக்கிறது. ஏழுமலை நல்லவர், தப்பு செய்ய மாட்டார் என்ற நம்பிக்கையால் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்படிச் சொன்னேன் என்று பிற்பாடு ஒரு கதை உலவியது. எனக்கு அந்த நிமிடம் அவரைப் பற்றி எதுவும் தெரியாது. தெரிந்த மனிதர்களைப் பற்றி நமக்குத் தெரிந்தது எவ்வளவு கொஞ்சம் என்பதுதான் அப்படிப்பட்ட நேரத்தில் உறைக்கும். நான் யோசித்தது வேறு. அவன் கெட்டவனாக இருந்தால், அந்தக் காட்டுக்கு நடுவே வண்டியை நிறுத்தி அந்தப் பெண்ணை அவனோடு விடுவது நாமே அவனுக்குச் செய்யும் உதவி. விஷயம் வேறு ஏதோ என்றால், நமக்குத் தெரியாத அந்த ஏதோ ஒன்றின் நடுவில் போய் வண்டியை முடக்குகிறோம். இரண்டிலும் வண்டி ஓடுவதுதான் நல்லது. செங்கல்பட்டில் ஆள் இருக்கிறது, கடை இருக்கிறது, போலீஸ் நிற்கிறது. ஓடட்டும்.

இவ்வளவு தெளிவாகவும் அப்போது சொல்லவில்லை. "காட்டுல நிறுத்தாதீங்க, ஜனங்க இருக்கிற இடத்துக்குப் போகட்டும்" என்று மட்டும்தான் வாயில் வந்தது.

மேலாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, பொத்தான் இருந்துச்சு, அழுத்தலைன்னு எழுதுவாங்க. யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன் சார்."

தைரியமாகச் சொன்னதாக நினைக்காதீர்கள். சொன்ன கையோடு, திறந்தே கிடந்த தயிர்சாத டப்பாவை மூடி வைத்தேன்.

கையில் மிச்சம் இருந்தது ஒரே வழி, நித்யாவின் வீடு. உறுதியாகத் தெரியும்வரை குடும்பத்துக்குச் சொல்லக் கூடாது என்பது விதி. நல்ல விதிதான், வீணாக யாரையும் பதறவைக்கக் கூடாது. ஆனால் வண்டி இப்போதுதான் அந்த ஊரைக் கடந்திருக்கிறது, யாராவது ஒருவர் கண்ணால் பார்த்திருப்பார்களே என்று தோன்றியது. அவள் அப்பாவின் எண்ணுக்குக் கூப்பிட்டேன். பதற்றத்தைக் குரலில் காட்டாமல், ஆபீஸ் வண்டி அந்தப் பக்கம் வந்ததா என்று கேட்டேன். சாலையோர டீக்கடையில் நின்றிருந்தார் போலிருக்கிறது, பின்னால் பாய்லர் சத்தம்.

"ஆமாம்மா, இப்பத்தான் போச்சு. எம் பொண்ணுதான் ஓட்டிகினு போவுது. நான் கைய காட்டறேன், நிக்கவே இல்ல, ஆரன் அடிச்சிகினே போயிடுச்சு. இன்னாம்மா, ஆபீசுல இந்த வேலையும் குடுத்துட்டீங்களா?"

ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் அறையில் இருந்த எல்லோரும் கேட்டார்கள். பிரவீன் மவுஸை விட்டுக் கையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். வாய் திறக்காதவர் என்று நித்யா சொன்ன அந்த மனிதரை நான் அவ்வளவு நேசித்தேன்.

அவள் ஓட்டுகிறாள் என்றால் ஓட்ட வேண்டியவரால் முடியவில்லை. போகும் திசையில் இருப்பது அரசு மருத்துவமனை. இதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை. மேலாளரே காவல்துறைக்கு மறுபடி பேசினார், நிறுத்தாதீர்கள், உள்ளே நோயாளி இருக்கலாம் என்று. அவர்கள் புரிந்துகொண்டு ஊர் எல்லையிலிருந்து முன்னால் போய் வழி விலக்கிக் கொடுத்தார்கள். நித்யாவின் அப்பாவும் குட்டியானையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் நான் செங்கல்பட்டுக்குப் போனேன். மருத்துவமனைப் படியில் நித்யா அடையாள அட்டை கழுத்தில் தொங்க உட்கார்ந்திருந்தாள். அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு பன்னும் டீயும் வைத்திருந்தார். ஏழுமலைக்கு மாரடைப்பு. சரியான நேரத்தில் கொண்டுவந்துவிட்டார்கள், பிழைத்துக்கொள்வார் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவருடைய மனைவி உள்ளே இருந்தார்.

நடந்ததை நித்யா சொன்னாள். பேசிக்கொண்டே வந்தவர் திடீரென்று பேச்சை நிறுத்தினாராம். அதுதான் அவளுக்கு முதலில் பயத்தைக் கொடுத்தது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார், வெள்ளைச் சட்டை முழுக்க வேர்வை. அவள் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். அழுத்தினால் நாங்கள் புரிந்துகொள்வோம் என்று நினைத்தாள். பொத்தானுக்குத் தெரிந்தது ஒரே வார்த்தை, ஆபத்து. யாருக்கு, யாரால் என்று சொல்ல அதற்கு வாய் இல்லை. ஆம்புலன்சைக் கூப்பிட்டிருக்கலாமே என்று பிறகு பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. உங்களுக்கு அப்படி ஒன்று நேர்ந்தால் முதலில் அதைத்தான் செய்யுங்கள். அவளுக்கு அந்தக் கணத்தில் கண்ணில் பட்டது சாவி. அப்பாவின் குட்டியானையை ஓட்டப் பழகி உரிமமும் வாங்கியிருந்த பெண். அவரைத் தாங்கிப் பின் இருக்கைக்குக் கொண்டுவந்து படுக்கவைத்துவிட்டு வண்டியைத் திருப்பிவிட்டாள்.

நாங்கள் அடித்த போனை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். எடுக்கத்தான் போனாளாம். பின்னாலிருந்து ஏழுமலை ஈனமான குரலில் தடுத்திருக்கிறார்.

"போன தொடாத பாப்பா, ரோட்ட பாரு."

வண்டி ஓட்டும்போது கைப்பேசியைத் தொடக் கூடாது என்று ஒவ்வொரு வண்டியிலும் அறிவிப்பு ஒட்டியவர்கள் நாங்கள்தான். உயிர் போகிற நேரத்தில் அந்த விதியைக் காப்பாற்றிய ஒரே ஓட்டுநர் அவராகத்தான் இருப்பார். அதோடு விடவில்லை. கியரை மாத்து, கிளட்சை முழுசா அமுக்கு, வேகத்தடை வருது பார் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாராம். அந்தக் குரல் கேட்டுக்கொண்டிருந்தவரைக்கும் எனக்குத் தெம்பாக இருந்தது மேடம், காட்டைத் தாண்டியதும் கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்போதுதான் அழுதுகொண்டே ஓட்டினேன் என்றாள். அதைச் சொல்லிவிட்டு மறுபடி அழுதாள். அவள் அப்பா பன்னை அவள் கையில் வைத்தார்.

மறுநாள் அலுவலகம் வந்தால் செயலி தன் கடமையைச் செய்து முடித்திருந்தது. பாதை மாறியதற்கும் வேகத்துக்கும் சேர்த்து ஏழுமலையின் கணக்கைத் தானாகவே முடக்கியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. பிரவீனுக்குத்தான் பாவம், முகம் சுருங்கிப் போய்விட்டது. அவரே உட்கார்ந்து சரிசெய்தார்.

ஏழுமலை வீடு திரும்பிய பிறகு பார்க்கப் போனேன். சிங்கப்பெருமாள் கோயிலில் ரயில் கேட்டைத் தாண்டி ஒரு சின்ன வீடு. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கஞ்சி பிடிக்கவில்லை என்று என்னிடம் புகார் சொன்னார். அந்தப் பேச்சோடு பேச்சாகத்தான், அன்றைக்கு விடியற்காலையிலிருந்தே நெஞ்சு ஒருமாதிரியாக இருந்தது என்றார். அப்படியென்றால் எதற்காக வண்டியை எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"கேன்சல் பண்ணா பச்ச போயி மஞ்ச ஆயிடும் மேடம். மஞ்ச ஆயிட்டா அப்பால சரியா ட்ரிப்பு வராது. அதான், போயிடலாம்னு எட்துட்டேன்."

குரலில் யார்மேலும் கோபம் இல்லை. இன்றைக்கு வெயில் அதிகம் என்று சொல்வதுபோலச் சொன்னார். செயலியில் ஓட்டுநருக்கு ஒரு மதிப்பெண் உண்டு. பயணத்தை ஏற்க மறுத்தால் அது குறைந்து நிறம் மாறும். எதற்காக மறுத்தார் என்று கேட்க அதில் இடமில்லை. இப்படி ஒன்றை வடிவமைத்தவர்கள் யாரும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. பிரவீனைப் போன்ற நல்ல பிள்ளைகள்தான். சோம்பேறிகளைப் பிடிப்பதற்காக ஒரு வலை பின்னினார்கள். அதில் நெஞ்சுவலிக்காரரும் விழுவார் என்று நினைக்கவில்லை.

மேலாளரிடம் போய்ப் பேசினேன். உடம்பு சரியில்லை என்று ஓட்டுநர் சொல்லச் செயலியில் ஒரு பொத்தான் வேண்டும், அதற்கு மதிப்பெண் குறையக் கூடாது, சான்றிதழ் கேட்கக் கூடாது என்றேன். எல்லோரும் அதையே அழுத்துவார்கள் என்றார். ஆமாம், சிலபேர் அழுத்துவார்கள் என்று ஒப்புக்கொண்டேன். பிரவீன் என் பக்கம் பேசினார். கடைசியில் கொஞ்ச நாள் வைத்துப் பார்ப்போம் என்று முடிவானது.

மேலாளர் சொன்னதும் நடந்தது. ஒரு பெரிய நடிகரின் படம் வெளியான நாளில் எங்கள் ஓட்டுநர்கள் சிலருக்கு ஒரே நேரத்தில் காய்ச்சல் வந்தது. அதில் சதீஷ் என்பவர் முதல் காட்சியில் கொண்டாடியதைத் தானே படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைத்திருந்தார். கூப்பிட்டுக் கேட்டேன். காய்ச்சல் தியேட்டருக்குள் போனதும் சரியாகிவிட்டது மேடம் என்றார். திட்டினேன், அனுப்பினேன். ஆனால் அந்த வசதியை எடுக்க விடவில்லை. என் கருத்து இதுதான்: நாலு பொய்யைத் தாங்க முடியாத ஏற்பாட்டுக்கு ஒரு உண்மையும் வந்து சேராது. படத்துக்குப் போகிறவன் உள்ளே வருகிற அதே கதவு வழியாகத்தான் நெஞ்சு வலிக்கிறவனும் வர முடியும்.

இதைவிடக் கடினமான ஒன்று பாக்கி இருந்தது. உடம்பு தேறியதும் ஏழுமலை சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு என் மேசைக்கு வந்தார், வண்டி எடுக்க. அரசாங்க டாக்டரே நடக்கச் சொல்லிவிட்டார், படியேறச் சொல்லிவிட்டார் என்று வரிசையாகச் சொன்னார்.

"கல்லு மாரி கீறேன் மேடம். எனக்கு இன்னா?"

"கல்லு மாதிரிதான் இருக்கீங்க. ஆனா அடுத்த தடவ பின்னாடி ஒக்காந்திருக்கற பொண்ணுக்கு வண்டி ஓட்டத் தெரியணுமே?"

அவர் என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.  உங்களுக்குப் பிடித்த ஒருவரிடம் முடியாது என்று சொல்ல வேண்டிவந்தால் காரணத்தைச் சுற்றி வளைக்காதீர்கள். அலுவலக விதி, காப்பீடு, மேலிடம் என்று பின்னால் ஒளிந்துகொள்ள நிறைய இடம் இருக்கிறது. அங்கெல்லாம் போனால் அவர் உங்களை மன்னிப்பார், ஆனால் உங்கள் முடிவை ஏற்றுக்கொள்ள மாட்டார்.

அவருக்கு என்ன வேலை தரலாம் என்று வீட்டில், வண்டியில், கூட்டங்களில் உட்கார்ந்து யோசித்தேன். கணினி அவருக்கு ஒத்துவரவில்லை. ஒருநாள் உட்காரவைத்துப் பார்த்தோம், அன்று ஒரே வீட்டு வாசலுக்கு இரண்டு வண்டி போய் நின்றது. அவருக்கு வருவது பேச்சு ஒன்றுதான். சரி, பேசட்டும் என்று விட்டேன். காலை ஷிப்டுக்கு வண்டி எடுக்கும் ஓட்டுநர்களை அவர்கள் கிளம்புவதற்கு முன்னால் போனில் கூப்பிட வேண்டும். தூங்கினாயா, சாப்பிட்டாயா, உடம்பு எப்படி என்று கேட்க வேண்டும். குரல் சரியில்லை என்று பட்டால் அன்றைக்கு வண்டி எடுக்காதே என்று சொல்லிவிட்டு மாற்று ஆளை அனுப்ப வேண்டும். அதற்கான முழு உரிமையும் அவருக்கு.

ஓட்டுநர்களுக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. மாமனார் போன் வந்துவிட்டது என்று கிண்டல் செய்வார்களாம். அவரும் லேசில் போனை வைக்க மாட்டார். நாஸ்தா துன்னியா என்று ஆரம்பித்துப் பிள்ளையின் பள்ளிக்கூடம் வரை போவார். நாளாக ஆக, அவர் கூப்பிடாத காலையில் அவர்களே கூப்பிட்டு, இன்னா அண்ணாத்த, மறந்துட்டியா என்று கேட்கத் தொடங்கினார்கள்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று இங்கே நிறுத்திவிடலாம். ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல நினைத்த விஷயம் இதற்கப்புறம்தான் வருகிறது.

ஒரு திங்கட்கிழமை காலை. ஒரு குழுத் தலைவி சீக்கிரமே வந்து வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு இணையம் வழியாகப் புதிய மென்பொருளை இயக்கிக் காட்ட வேண்டும். மாதக்கணக்கில் உழைத்த வேலை. அவரை மாமல்லபுரத்திலிருந்து அழைத்துவர வேண்டியவர் சதீஷ். ஏழுமலை கூப்பிட்டுப் பேசினார், சதீஷின் குரல் கட்டிக்கொண்டு கரகரவென்று இருந்தது. முந்தின இரவு தூங்கவில்லை, ஒருவேளை குடித்தும் இருக்கலாம் என்று ஏழுமலைக்குத் தோன்றியது. தூங்கினேன் அண்ணாத்த என்று சதீஷ் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. வண்டி எடுக்காதே என்று சொல்லிவிட்டார். மாற்று வண்டி போய்ச் சேரத் தாமதமானது. குழுத் தலைவி வந்தபோது வாடிக்கையாளர் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போயிருந்தார்.

அடுத்த கொஞ்ச நேரத்தில் சதீஷே தன் பைக்கில் அலுவலகத்துக்கு வந்துவிட்டார், கண் தெளிவாக, கோபமாக. ஞாயிற்றுக்கிழமை அவர் ஊரில் கபடிப் போட்டியாம். பகல் முழுக்கக் கத்தியதில் தொண்டை கட்டிவிட்டது. சாயங்காலமே வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கியிருக்கிறார். குடிக்கிற பழக்கமே அவருக்குக் கிடையாது. விசாரித்ததில் எல்லாம் உண்மை. ஏழுமலை சுத்தமாகத் தவறு செய்திருந்தார்.

மேலாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். அந்தக் குழுத் தலைவியும் இருந்தார், முகம் சிவந்து. அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், சாக்குச் சொல்லவில்லை. அவர் போன பிறகு மேலாளர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஏழுமலை பண்ணது தப்புதானே?"

"தப்புதான் சார்."

"அப்ப அந்த உரிமைய அவர்கிட்டேர்ந்து எடுத்துடலாமா?"

"வேணாம் சார். இந்தத் தப்பை நாம தாங்கலாம்."

  வாடிக்கையாளரிடம் தானே பேசுவதாக மேலாளர் சொன்னார். பேசினார். வேறொரு நாள் கொடுத்தார்கள், வேலை கைவிட்டுப் போகவில்லை. போயிருந்தாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன் என்று நம்ப விரும்புகிறேன்.

நம் வேலையில் தவறே செய்யாத நாள் என்று ஒன்று வராது. திரை எவ்வளவு பெரிதானாலும் வராது. எல்லாம் தெரிந்த பிறகு முடிவெடுக்கலாம் என்று காத்திருந்தால் வண்டி காட்டுக்குள் போய்விடும். தெரியாமல்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கும். அப்போது எது சரி என்று தேடித் தவிக்காதீர்கள். நான் நினைப்பது தப்பாகப் போனால் நாளைக்குப் போய்ச் சரிசெய்ய முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் அந்தப் பக்கம் சாயுங்கள். எனக்குத் தெரிந்த நிர்வாகம் இவ்வளவுதான்.

அந்தத் திங்கட்கிழமைக்கு மறுநாள் காலை நான் சீக்கிரமே போய்விட்டேன். ஏழுமலை எனக்கு முன்னால் வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நான் வந்தது தெரியாமல் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"சதீஷு, நேத்து நான் சொன்னது தப்புடா. மன்சுல வெச்சுக்காத."

எதிர்ப்பக்கம் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. ஏழுமலை தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். திட்டு கொஞ்சம் நீளமாகத்தான் இருந்திருக்க வேண்டும். முழுதாக வாங்கிக்கொண்டு, சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

"சரி, அத்த வுடு. ராத்திரி தூங்கினியா?"

காதைப் போனோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி, அவர் பதிலைக் கேட்டார்.

"அப்ப எட்றா வண்டிய."